நெடுநடைக்குப் புறப்படுமுன்: பள்ளிமுனையிலிருந்து மடு வரை நடப்போர் அறிந்திருக்க வேண்டியவை

மன்னார் நகரை ஒட்டியிருக்கும் கடற்றொழில் கிராமம் பள்ளிமுனை. புனித லூசியா ஆலயம், உதைபந்தாட்டம், நூற்றாண்டுகளைக் கண்ட பெருக்கமரம் என்று வெளியூரார் இந்த ஊரை அறிந்து வைத்திருக்கிறார்கள். யூலை 2 ஆம் திகதியும் ஓகஸ்ட் 15 ஆம் திகதியும் மடு அன்னையின் பெருவிழாக்கள். அந்த நாட்கள் நெருங்கும்போது மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் ஒரு பேச்சு எழும்: "இந்த முறை நடந்து போவமா?"

பள்ளிமுனையிலிருந்து மன்னார் நகர், பிரதான பாலம், தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன், மடுச் சந்தி, பிறகு காட்டு வீதியால் மருதமடுத் திருப்பதி. எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பேருந்தில் ஏறினால் அரை நாள் கூட வேண்டியதில்லை. தார் வீதியில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் வேகத்தில் போனாலும், ஓய்வைச் சேர்க்காமலே பத்து மணித்தியாலத்துக்கு மேல் கால் ஓயாமல் நடக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமலே பலர் வீட்டை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

நடந்து முடித்தவர்களிடம் கேட்டால், "தூரம் கஷ்டமில்லை, இதை முதலே தெரிஞ்சிருந்தால் நல்லா இருந்திருக்கும்" என்றுதான் தொடங்குவார்கள். அந்த "இது" என்பது பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். புதுச் சப்பாத்து, குடிக்காமல் விட்ட தண்ணீர், தேவையில்லாமல் தூக்கிய பை, வேகமாக நடப்பவனோடு போட்டிபோட்ட முதல் இரண்டு மணித்தியாலம்.

எங்கள் மக்களிடம் இன்னொரு எண்ணமும் உண்டு. "இடம்பெயர்ந்து எத்தனை கட்டை நடந்தனாங்கள், எங்களுக்கு நடக்கப் பழக்கோணுமா?" என்பார்கள். இடம்பெயர்வில் நாம் நடந்தது உண்மைதான். ஆனால் எந்த நேரம் புறப்படுவது, எதைத் தூக்குவது, எங்கே தரிப்பது ஆகிய மூன்றும் அன்று நம் கையில் இருக்கவில்லை. செல் விழுந்த நேரம்தான் புறப்பட்ட நேரம். கைக்கு அகப்பட்டதுதான் சுமை. விழுந்த இடம்தான் தரிப்பு. அப்படி நடந்த நடையைப் பழக்கமாக எடுத்துக்கொண்டு யாத்திரைக்கு இறங்குவது ஆபத்து. இன்றைய நடையில் இந்த மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான்.

இந்தப் பாதையில் முன்னே நடந்தவர்கள்

மடுத் திருப்பதியே ஒரு கட்டாய நடையில் பிறந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கியதாகத் திருப்பதியின் வரலாறு சொல்கிறது. 2008 ஏப்ரலில் அதே சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் மடுவுக்குத் திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் அவர்களில் பெருந்தொகையானோரை வழியிலேயே கொன்றன. அவர்களின் நினைவாக, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவில், 2023 யூலை 28 அன்று தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர், 16 நாட்கள்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்த் தீவின் மக்கள் மடுவுக்கும், கடல் தாண்டி இந்தியாவுக்கும் ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கடலாலும் தரையாலும் புத்தளம் பக்கம் போனார்கள். 2007 முதல் 2009 வரை மடு, அடம்பன், மாந்தை மேற்குப் பகுதிகளின் மக்கள் ஊர் ஊராகப் பின்வாங்கி முள்ளிவாய்க்கால் வரை போனார்கள்.

ஆகவே இந்த வீதியில் யாத்திரை போகும் எவரும் வெறும் வீதியில் நடப்பதில்லை. பலருக்கு இது இரண்டாவது அல்லது மூன்றாவது நடை.

நேரம்

முதலாவது தவறு, ஒரே நாளில் போய்ச் சேர நினைப்பது. மாத்தளை நடைபயணத்தின் கணக்கைப் பாருங்கள். 250 கிலோமீற்றரை 16 ஆல் பிரித்தால் நாளுக்குப் பதினைந்து, பதினாறு கிலோமீற்றர்தான் வருகிறது. பழக்கமில்லாதவருக்கு அது நல்ல அளவு. ஓரளவு பழகியவர் இருபது, இருபத்திரண்டு நடக்கலாம். மடுவை இரண்டு நாளாகப் பிரித்து, முதல் நாள் முருங்கனில் தங்குவது பெரும்பாலானோருக்குப் பொருந்தும். முதியவர்களும் பிள்ளைகளும் வருவதானால் மூன்று நாளாகப் பிரிப்பது நல்லது.

இரண்டாவது, வெயிலோடு மோதுவது. மன்னார் இலங்கையின் வறண்ட பகுதிகளில் ஒன்று. பெருவிழாக்கள் வருவதும் சோளகக் காற்று வீசும் காலத்தில். இந்தக் காற்று நல்லதுபோலத் தெரியும். பாலத்தில் நடக்கும்போது வலப் பக்கமிருந்து வந்து வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்து நாம் தண்ணீர் குடிக்க மாட்டோம். உடம்போ தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். உயிலங்குளத்தை நெருங்கும்போது தலை இடிக்கத் தொடங்கும்.

அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை நிழலில் படுங்கள். பிறகு பொழுது சாயும்வரை மீதியை நடக்கலாம். இரவு முழுக்க நடந்து போவோரும் உண்டு. வெயில் இல்லை என்பது உண்மை. ஆனால் நித்திரைக் கண்ணோடு பிரதான வீதியில் நடப்பதும், வாகனச் சாரதி நித்திரைக் கண்ணோடு வருவதும் சேர்ந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருட்டில் நடக்க வேண்டி வந்தால் வீதியின் வலப் பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முன்னால் ஒருவரிடமும் கடைசியில் ஒருவரிடமும் டோர்ச் இருக்க வேண்டும். உடுப்பு வெள்ளையாக இருப்பது நல்லது. மடுச் சந்தியிலிருந்து திருப்பதிக்குப் போகும் வீதி காட்டுக்குள் போகிறது. அங்கே யானை உண்டு. பொழுதுபட்டபின் சிறு குழுவாக அந்த வீதியில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்காதது. குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னரே நடக்கத் தொடங்க வேண்டும். முதல் கிழமை பெருக்கமரத்தடி வரை, பிறகு மன்னார் நகர் வரை, பிறகு பாலம் தாண்டித் தள்ளாடி வரை என்று கூட்டிக்கொண்டு போகலாம். கடைசிக் கிழமைகளில் ஒருமுறையாவது அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடப்பார்கள். நொந்த காலோடு இரண்டாம் நாள் காலை எழும்பி நடப்பதுதான் பரீட்சை. கடலில் வலை இழுப்பவருக்குத் தோளும் முதுகும் உரமாக இருக்கும். தார் வீதியில் மணிக்கணக்காக நடக்கும் கால் அதற்காகத் தானாக வந்துவிடாது.

சுமை

இடம்பெயர்ந்து வாழ்ந்த வீட்டில் பை கட்டும் விதமே வேறு. எதை விட்டுவிட்டுப் போனாலும் அது திரும்பக் கிடைக்காது என்று கண்டவர்கள் எல்லாவற்றையும் அடைவார்கள். யாத்திரைப் பையிலும் அந்தப் பழக்கம் தெரியும். மூன்று சோடி உடுப்பு, பெரிய துவாய், போர்வை, பாத்திரம், இரண்டு நாளைக்குச் சோறு. பத்தாவது கிலோமீற்றரில் அந்தப் பை தோளை அறுக்கும்.

பையின் எடை உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அறுபது கிலோ உள்ளவர் தண்ணீரையும் சேர்த்து ஆறு கிலோ. ஸ்பெயினில் சந்தியோகுமையோர் திருத்தலத்துக்கு எண்ணூறு கிலோமீற்றர் அளவில் நடந்து போகும் யாத்திரிகர்களும் இதே கணக்கைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கும் முதல் சில நாட்களில் பையிலிருந்து பொருட்களைக் கழித்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

கைப்பை, ஒரு தோளில் தொங்கும் பை இரண்டும் வேண்டாம். இரண்டு தோளிலும் மாட்டும் பள்ளிக்கூடப் பை போதும். உள்ளே இருக்க வேண்டியவை: ஒரு மாற்றுடுப்பு, இரண்டு சோடி காலுறை, ஒரு சாரம் (விரிக்க, போர்க்க, நனைத்துத் தலையில் போட எல்லாவற்றுக்கும் உதவும்), தொப்பி, டோர்ச், இரண்டு லீற்றர் தண்ணீர், ஜீவனிப் பொதிகள், பிளாஸ்டர், வழமையாக எடுக்கும் மருந்துகள், அடையாள அட்டை. மருந்தையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். ஒரு கடதாசியில் பெயர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், உள்ள வருத்தங்கள், எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். மயங்கி விழுந்தால் பேசப்போவது அந்தக் கடதாசிதான்.

கால்

நடையை இடையில் விட்டவர்களில் பெரும்பாலானோர் கால் கொப்புளத்தால் விட்டவர்கள். கொப்புளம் உரசலாலும் ஈரத்தாலும் வருகிறது. இரண்டையும் குறைத்தால் கொப்புளமும் குறையும்.

யாத்திரைக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே போடக் கூடாது. வாங்குவதானால் ஒரு மாதத்துக்கு முன் வாங்கிப் பழக்க வேண்டும். வாங்கப் போவது பின்னேரமாக இருக்கட்டும். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், யாத்திரையிலும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்க வேண்டும். நகத்தை இரண்டு மூன்று நாளுக்கு முன்னரே நேராக வெட்டி விடுங்கள்.

நடக்கும்போது ஓரிடம் சுடுவதுபோலத் தோன்றும். கொப்புளத்தின் முதல் அறிகுறி அதுதான். "அடுத்த தரிப்பில் பார்ப்பம்" என்று நடக்காதீர்கள். அதே இடத்தில் இருந்து, சப்பாத்தைக் கழற்றி, காலை உலர்த்தி, பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் மிச்ச நாளைக் காப்பாற்றும். வந்துவிட்ட கொப்புளத்தின் தோலை உரிக்க வேண்டாம். அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. நனைந்த காலுறையை மத்தியான ஓய்வில் மாற்றிவிடுங்கள். தொடை உரசும் இடங்களில் புறப்படுமுன்பே வாஸ்லின் பூசிக்கொள்வது நல்லது. இதைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் அவதிப்படுகிறார்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்தவர்கள் உண்டு. மத்தியான வெயிலில் தார் 50 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும். அந்த நேர்த்தியை அதிகாலை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது திருப்பதி வளாகத்துக்குள் நிறைவேற்றுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் எந்த நேரத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. யாத்திரையில் வந்த சிறு புண் விரலை எடுப்பதில் போய் முடியலாம். அவர்கள் ஒவ்வொரு தரிப்பிலும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

தாகம் எடுத்த பிறகு குடிப்பது பிந்திய குடிப்பு. வெயிலில் நடப்பவர் மணிக்கு அரை லீற்றர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஏற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைச்சுற்று, சத்தி, குழப்பம், கடைசியில் வலிப்பும் வரலாம். ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவில் கரைத்துக் குடியுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டும், மோரில் உப்புப் போட்டும் குடிக்கலாம். கஞ்சியும் நல்லது. பிரசர், சீனி, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்பும் சீனியும் எவ்வளவு எடுக்கலாம் என்று வைத்தியரிடம் முன்னரே கேட்டுவிட வேண்டும்.

மாத்தளைப் பாதையில் அன்று மக்களைக் கொன்றதில் தூரத்தை விடக் கெட்ட தண்ணீருக்குப் பங்கு அதிகம். அந்தப் பாடம் இன்றும் பழையதாகவில்லை. வழியில் காணும் குளத்திலும் திறந்த கிணற்றிலும் குடிக்க வேண்டாம். வீடுகளில் கேட்டால் கொதித்தாறிய தண்ணீர் தருவார்கள். தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களும் ஒரே குவளையை எல்லோரும் வாயில் வைத்துக் குடிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டை ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். வாழைப்பழம், கச்சான், பேரீச்சம்பழம், பிஸ்கட், பாண் போதும். மீன் கறியும் தேங்காய்ச் சம்பலும் வெயிலில் நெடுநேரம் தாங்காது.

வெயில் தாக்கினால்

களைப்பு, தலையிடி, அதிக வியர்வை, சத்தி, தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புச் சேர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அன்றைக்கு அவர் மேலும் நடக்க வேண்டாம்.

உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, பேச்சுத் தடுமாறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, மயங்குகிறார் என்றால் அது உயிராபத்து. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவை அது. எங்கள் மக்களுக்கு மறக்கக்கூடிய இலக்கம் இல்லை. வாகனம் வரும்வரை காத்திருக்காமல் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். உடுப்பைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி, விசிறி, கழுத்து, கக்கம், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நனைத்த துணியை வையுங்கள். சுயநினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. மன்னாரிலும் முருங்கனிலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. குழுவில் இருப்பவர் எல்லோரும் இதைப் புறப்படுமுன்பே அறிந்திருக்க வேண்டும்.

தரிப்பு

ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு. களைத்த பிறகு இருப்பதை விட, களைக்குமுன் இருப்பது நல்லது. இருக்கும்போது சப்பாத்தைக் கழற்றிக் காலை உயர்த்தி வையுங்கள்.

குழுவின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகமாகவே இருக்க வேண்டும். இளைஞர்கள் முன்னால் போய் ஓரிடத்தில் காத்திருப்பார்கள். பின்னால் அம்மா ஒருவர் வந்து சேர்ந்ததும் எழும்பி நடக்கத் தொடங்குவார்கள். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைக்கும், தேவையானவருக்குக் கிடைக்காது. இதைத் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு. மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்.

பெண்களின் கஷ்டம் ஒன்றைக் குழுத் தலைவர்கள் கேட்பதே இல்லை. வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அதனால் அவர்களே முதலில் மயங்குகிறார்கள், பிறகு சிறுநீர்க் கிருமியோடு வீடு திரும்புகிறார்கள். ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள், தெரிந்த வீடுகள் என்று எந்தெந்த இடத்தில் கழிப்பறை உண்டு என ஒரு வாரத்துக்கு முன்னரே பேசி ஒழுங்கு செய்து, எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய்க்குத் தேவையான பொருட்களைக் குழுவின் பொதுப் பையில் வைப்பதற்கும் யாரும் கூச வேண்டியதில்லை.

போரின் காயத்தோடு நடப்பவர்கள்

செயற்கைக் காலோடும் உடம்புக்குள் செல் துண்டோடும் நடப்பவர்கள் எங்கள் யாத்திரைகளில் உண்டு. அவர்களைத் தடுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வை தேங்கும். மிஞ்சிய கால் நடக்க நடக்கப் பருமன் மாறும். காலையில் சரியாக இருந்தது மத்தியானம் இறுகும், அல்லது தளரும். ஒவ்வொரு தரிப்பிலும் கழற்றி, துடைத்து, சிவப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுறைகள் கூடுதலாக எடுங்கள். தோல் கிழிந்தால் அன்றோடு நடையை நிறுத்த வேண்டும். புண் ஆறும்வரை செயற்கைக் காலைப் போட முடியாமல் போனால் தொழிலும் சேர்ந்து நின்றுவிடும். மற்றக் காலும் இடுப்பும் கூடுதலாகச் சுமப்பதால் தூரத்தைப் பாதியாகக் குறைத்துத் திட்டமிடுங்கள். உள்ளே துண்டு இருப்பவர்கள் புது வலி, வீக்கம், விறைப்பு வந்தால் "பழைய நோதான்" என்று தள்ளிவிடக் கூடாது.

ஒதுங்குவதற்காகவோ குறுக்குப் பாதைக்காகவோ பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தும், பழைய வெடிபொருட்கள் இடைக்கிடை அகப்படுகின்றன. இனந்தெரியாத பொருளைத் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

மனதின் காயமும் உண்டு. உடம்பு களைக்கும்போது அடக்கி வைத்தது மேலே வரும். உயிலங்குளத்தில் ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவருக்கும், 1999 நவம்பரில் மடுவில் தஞ்சமடைந்திருந்து செல் விழுந்ததைக் கண்டவருக்கும் அந்த இடங்கள் வெறும் இடங்களாக இருக்காது. ஒருவர் திடீரென்று பேசாமல் போகலாம், அழலாம், நடக்க மறுக்கலாம். என்ன நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், தண்ணீர் கொடுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். அவர் தனியே பின்தங்க விடாதீர்கள். நடை சிலருக்கு ஆறுதலாக இருக்கிறது. சிலருக்கு அந்த ஆண்டு அது முடியாமல் போகிறது. இரண்டும் குறையல்ல.

கதிர்காமம் போவோருக்கு

யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை இலங்கையின் மிக நீண்ட யாத்திரை நடை. ஒன்றரை மாதமளவில் எடுக்கும். போரால் தடைப்பட்டு மீண்டும் தொடங்கிய நடை அது. மடு யாத்திரைக்குச் சொன்ன அனைத்தும் அதற்கும் பொருந்தும். கூடுதலாக இரண்டு விஷயங்கள்.

ஒன்று, முதல் வாரம் உடம்பு பழகும் வாரம். அந்த வாரத்தில் வேகத்தைக் காட்டியவர்கள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இரண்டு, உகந்தைக்குப் பிறகு கூமுனை, யால காடுகளுக்குள் கடை இல்லை. நாட்கணக்கில் அந்தக் காட்டுக்குள் நடக்க வேண்டும். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் இடம் அது. காட்டுப் பாதை திறக்கும் நாட்களை முன்னரே விசாரித்து, அந்த நாட்களுக்குள், பெருங்குழுவோடு மட்டும் நுழைய வேண்டும். உலர் உணவு, மருந்து, தண்ணீர்க் கொள்கலன் எல்லாம் உகந்தையிலேயே ஒழுங்காக இருக்க வேண்டும். கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவருவதும் யாத்திரையின் பகுதிதான்.

நிறுத்தத் தெரிவது

நடந்தவர்கள் கடைசியாகச் சொல்லும் பாடம் இது. வேளைக்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது. நேர்த்தி வைத்துவிட்டோம், ஊரார் பார்க்கிறார்கள், பாதியில் வாகனத்தில் ஏறினால் வெட்கம் என்று நினைத்து நடந்தவர்கள் ஒரு நாள் நடையை மூன்று மாத வைத்தியமாக்கிக்கொண்டார்கள். எந்த நிலையில் நிறுத்துவது என்பதைப் புறப்படுமுன், தெளிந்த புத்தியோடு, குழுவாகத் தீர்மானியுங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், குழப்பமான பேச்சு, நிற்காத சத்தி, தோல் கிழிந்த கால் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அவர் வாகனத்தில் ஏற வேண்டும். அதற்கு ஒரு முச்சக்கரவண்டியோ வானோ அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அவர் முருங்கனிலிருந்து பேருந்தில் போய் மாதாவின் முன் நின்றாலும் அந்த நேர்த்தி நேர்த்திதான்.

வீடு திரும்பியதும் அடுத்த நாள் விடிய வலையைத் தூக்கிக்கொண்டு தொழிலுக்கு இறங்க வேண்டாம். இரண்டு நாளாவது கால் ஆறட்டும். கொப்புளப் புண்ணோடு உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் நிற்பது புண்ணைச் சீழாக்கும். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நோகுமானால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அன்று ஓடியபோது வயோதிபர்களையும் வருத்தக்காரர்களையும் வழியில் விட்டுவிட்டு வர நேர்ந்த குடும்பங்கள் எங்களிடையே இருக்கின்றன. அப்போது வேறு வழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆகவே ஓகஸ்டில் பள்ளிமுனையிலிருந்து இறங்கும் குழு புறப்படும்போது எத்தனை பேர் என்று எண்ணட்டும். பாலத்தைத் தாண்டியதும் எண்ணட்டும். முருங்கனில் படுக்குமுன் எண்ணட்டும். மடுவில் போய்ச் சேரும்போதும் அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்கட்டும்.